காலுக்கு யாரும் சொல்லவில்லை

பேருந்து ஓட்டுநரின் வலது கால் பிரேக்கை மிதித்தபடியே இறுகிப்போனதால், அவர் மகளின் கர்ப்பம் பதினோராம் மாதத்தில் பிரசவமாகாமல் நின்றது. அவர் இருக்குமிடத்தில் எதுவும் கிளம்பாது. மின்விசிறி சுற்றாது, பால் பொங்காது. மகளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்று லிஃப்டே கிளம்பவில்லை. சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கியும் பார்த்தார்; அங்கே பால் பொங்கவில்லை, இங்கே வலி எடுக்கவில்லை. "பேரப்புள்ளகூட உங்க காலைப் பார்த்துத்தான் கிளம்பும்போல" என்றாள் மனைவி, பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாக.

அவர் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த கட்டடத்தில் இரண்டு சகோதரிகள்: மேல்மாடியில் தங்கை மனநல ஆலோசகர், கீழ்மாடியில் அக்கா பிசியோதெரபிஸ்ட். குணப்படுத்துவது வாயா கையா என்று இருவருக்கும் ஒன்பது வருஷச் சண்டை. தங்கை படித்த படிப்பில் வந்தவரைத் தொடக்கூடாது. ஏழு மாதம் அவரைப் பேச வைத்தாள். பந்தைத் துரத்தி ஓடிவந்த சிறுமி, அவளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண், அவள் பந்தோடு வீட்டுக்கு நடந்தது, எல்லாம் சொல்லி அழுதார். தூக்கம் வந்தது, பசி வந்தது. கால் மட்டும் அசையவில்லை.

தங்கை படியிறங்கினாள்.

"அக்கா, ஒரு கால் இருக்கு."

"காலா? உனக்கு வாய் இருந்தாப் போதுமே!"

"வாய் எல்லாத்தையும் சொல்லிடுச்சுக்கா. காலுக்குத்தான் யாரும் சொல்லல."

அக்கா துண்டில் கையைத் துடைத்தாள். "இதைச் சொல்ல ஒன்பது வருஷமாடி? வா, குதிகாலை எப்படித் தாங்கணும்னு காட்டுறேன். அழுத்தாதே. கேட்டுட்டுத் தொடு."

மறுநாள் தங்கை தரையில் உட்கார்ந்து, "தொடலாமா சார்?" என்றாள். குதிகாலை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள். "இப்போ இதுக்குச் சொல்லுங்க."

ஓட்டுநர் குனிந்தார். "பாப்பா வீட்டுக்குப் போயிட்டா. நீ சரியாத்தான் நிறுத்தின. போதும், எடு."

கால் நாற்பது நிமிடம் நடுங்கியது. பிறகு எழுந்தது. மின்விசிறி சுற்றியது, தெருவில் எல்லா ஆட்டோக்களும் ஒரே நேரத்தில் கிளம்பின, தொலைபேசி அடித்தது. "வலி எடுத்துடுச்சுங்க, ஓடி வாங்க!" பேத்தி இரண்டு பல்லோடு பிறந்தாள்; நர்ஸ் எடைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே தங்கையின் நாற்காலி கீழ்மாடிக்கு இறங்கியது. பதினாறு வருஷமாக ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி தாங்குகிறாள். சில நாள் மாற்றிக்கொள்கிறார்கள். வயிறுகள் குறுக்கே பேசும், தோள்கள் யோசித்துத்தான் பதில் சொல்லும். வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருப்பவர்கள் கதவுப்பக்கம் காதை நீட்டுவார்கள்.

"உள்ளே யார் பேசறது?"

"முழங்கால்."

"அப்ப நேரமாகும்" என்று பேப்பரைப் பிரிப்பார்கள்.