ஐ கீப் ஆல்ரெடி

இங்கிலீஷ்ல நீளமான வார்த்தைக்கெல்லாம் நான் பயந்ததே கிடையாது. ரெஃப்ரிஜிரேட்டர், அக்காமடேஷன், எல்லாம் வாயில வரும். இந்த அப், டவுன், இன், அவுட்டுன்னு வால் மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற பொடி வார்த்தைங்கதான் மனுஷிய சாகடிக்கும். நம்ம ஊர்ல அந்த வாலையே தனியா வச்சுப் பேசிருவோம். "யூ ஆஃப் தி லைட் லா"ன்னா பினாங்குல யாருக்குப் புரியாது?

பதினாலு வருஷமா அந்த இங்கிலீஷ வச்சுத்தான் குப்பை கொட்டுறேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலருந்து ஒரு சந்துக்குள்ள திரும்பினா, பழைய கடைவீட்டை ஹோட்டலா மாத்தி வச்சிருக்காங்க. இருபது ரூம். அங்க ரூம் சுத்தம் பண்றது என் வேலை. சூப்பர்வைசர் இடம் மூணு தடவை காலியாச்சு, மூணு தடவையும் எனக்குப் பின்னால வந்தவங்களுக்குத்தான் போச்சு. "குமுதா வேலையில குறையே சொல்ல முடியாது, இங்கிலீஷ்தான் கொஞ்சம்..."னு இழுப்பாங்க. இந்த மாசம் நாலாவது தடவையா காலியாச்சு. வியாழக்கிழமை காலையில புது மேனேஜர் கிரேக், ஆஸ்திரேலியாக்காரர், என்னைக் கூப்பிட்டு, "உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு, நாளைக்கு முடிவு சொல்றேன்"னார். எனக்குக் கால் தரையில நிக்கல.

அன்னிக்கே வந்து சேந்துச்சு வினை.

பதினொண்ணாம் ரூம்ல ஒரு இங்கிலாந்து அம்மா புருஷனோட தங்கியிருந்தாங்க. ரெண்டு பேரும் வெளிய போயிருந்த நேரம் குளியலறை துடைக்கப் போனேன். கைகழுவுற பேசின் ஓரத்துல ஒரு கல் வச்ச மோதிரம். துணி பட்டா நேரா ஓட்டைக்குள்ள போயிரும். மனசு கேக்கல. டிஷ்யூவுல சுத்தி, கட்டில் பக்கத்து டிராயர்ல இருந்த அந்தம்மாவோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா எடுத்து வச்சேன். ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கணும். வைக்கல, அது என் தப்புதான். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வேலை முடிஞ்சு ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கிறேன், கிரேக் போன்ல. பதினொண்ணாம் ரூம்ல மோதிரம் எதையாவது பாத்தீங்களான்னு கேட்டார்.

"எஸ் சார். ஐ கீப் ஆல்ரெடி."

அவர் ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டார்.

"யூ கெப்ட் இட்?"

"எஸ் சார், டோன்ட் வொரி. ஐ கீப் நைஸ்லி."

நாங்க அப்படித்தானே சொல்வோம்? மலாய்ல 'சிம்பான்'னா எடுத்து வைக்கிறது. அதையே இங்கிலீஷ்ல கீப்னு ஆக்கிட்டோம். காய்ஞ்ச துணிய கீப் பண்ணு, மிச்சக் கொழம்ப கீப் பண்ணு. ஆல்ரெடி போட்டா ஆச்சுன்னு அர்த்தம். எடுத்து வச்சாச்சு, ஐ கீப் ஆல்ரெடி. இதுல என்ன குத்தம்?

"டிட் யூ ஹேண்ட் இட் இன்?"னு கேட்டார். ஹேண்ட் தெரியும், இன் தெரியும். கைக்குள்ளயா வச்சிருக்கேன்னு கேக்குறார் போலன்னு நெனச்சு, "நோ சார், நாட் இன் ஹேண்ட்"னு சிரிச்சேன். சிரிச்சேன்! ஆபீஸ்ல ஒப்படைச்சீங்களான்னு கேட்டிருக்கார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப நெனச்சாலும் என் தலையில நானே குட்டிக்கணும் போல வருது. உடனே ஹோட்டலுக்கு வாங்கன்னு சொல்லிப் போன வச்சிட்டார்.

என் வீட்டுக்காரர் வாசு மோட்டர் சைக்கிள வெளிய எடுத்தார். "என்னா விஷயம் குமுதா?"ன்னார். "நாளைக்குச் சொல்ற முடிவ இன்னிக்கே சொல்லப் போறாங்க போல"ன்னேன். மூஞ்சிக்குப் பவுடர் வேற போட்டுக்கிட்டேன். என் புத்திய என்னன்னு சொல்ல!

ஹோட்டலுக்குள்ள நுழைஞ்சா அந்த இங்கிலாந்து அம்மா மூஞ்செல்லாம் செவந்து உக்காந்திருக்காங்க. புருஷன்காரர் என்னைப் பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிட்டார். கவுண்டர்ல இருக்கிற நம்ம தமிழ் முஸ்லிம் பொண்ணு ஷாஹிரா ஓடி வந்து காதுல சொன்னா:

"அக்கா, மோதிரத்த எடுத்துக்கிட்டேன்னு நீங்களே போன்ல சொன்னீங்களாமே?"

"எடுத்துக்கிட்டேனா? அடிப்பாவி, எடுத்து வச்சேன் லா!"

பாருங்க, தமிழ்லயும் வால் இருக்கு. எடுத்துக்கிட்டேன்னா திருட்டு. எடுத்து வச்சேன்னா பொறுப்பு. பொறந்ததுலேருந்து பேசுற பாஷையில அன்னிக்குத்தான் அது எனக்கு ஒறைச்சது.

யாரையும் கேக்கல. விறுவிறுன்னு மாடி ஏறினேன், எல்லாரும் பின்னாலயே வந்தாங்க. டிராயரத் திறந்து, கண்ணாடிப் பெட்டிய அந்தம்மா கையிலயே குடுத்தேன். டிஷ்யூவப் பிரிச்சாங்க, மோதிரம் இருந்துச்சு. அந்தம்மா அப்படியே கட்டில்ல உக்காந்து அழுதுட்டாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு சாரி சாரின்னாங்க. நானும் அழுதேன், எனக்கு ஆத்திரத்துல.

அதோட விட்டாங்களா? கிரேக் தன் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு தாள நீட்டி, கையெழுத்துப் போடுங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டின்னார். நான் வர்றதுக்கு முன்னாலயே டைப் அடிச்சு வச்சு, மோதிரம் கெடச்சதும் கடைசி வரிய மட்டும் சேத்திருக்கார். ஷாஹிராவ விட்டுப் படிக்கச் சொன்னேன். அவ தயங்கித் தயங்கித் தமிழ்ல சொன்னா: "மோதிரத்த வச்சுக்கிட்டதா குமுதா ஒத்துக்கிட்டார். மோதிரம் மீட்கப்பட்டது."

"ஐ நோ சைன்"னேன். உப்பத் தின்னவ தண்ணி குடிக்கட்டும், நான் எதுக்குக் குடிக்கணும்? இந்தத் தாள் என் ஃபைல்ல கெடந்தா சூப்பர்வைசர் இடமும் போச்சு, பதினாலு வருஷப் பேரும் போச்சு.

"எடுத்து வச்சேங்கறதுக்கு வெள்ளைக்காரன் என்னதான் சொல்வான்?"னு ஷாஹிராவக் கேட்டேன்.

"புட் அவே."

"அவேன்னா தூரம் இல்ல? நான் தூரமாவா வச்சேன்?"

"அப்படித்தான்க்கா சொல்வாங்க." அப்புறம் குரல எறக்கி, "ஆனா ஒரு ஆள புட் அவேன்னா ஜெயில்ல போடறதுன்னும் அர்த்தம் இருக்கு"ன்னா.

"நாசமாப் போச்சு! ஆளுக்குப் போடாத, மோதிரத்துக்குப் போடு. கூட ஒரு சேஃப்லியும் போடு."

கெப்டுங்கறதப் பேனாவால அழுத்தி அடிச்சுட்டு அவ எழுதினா. 'ஒத்துக்கிட்டார்', 'மீட்கப்பட்டது' ரெண்டும் எங்க இருக்குன்னு அவ காட்ட, நானே அடிச்சேன். எங்க ஊர்ல கீப்னா என்னன்னு அவ கிரேக்குக்கு வெளக்கமா சொன்னா. அவர் மூஞ்சி மெதுவா மாறிச்சு. தாளத் திரும்பப் படிச்சார், கிழிச்சுக் கூடையில போட்டார். எழுந்து நின்னு, "ஐ ஆம் சாரி, குமுதா"ன்னார். பதினாலு வருஷத்துல ஒரு மேனேஜர் எனக்காக எழுந்து நின்னது அதுதான் மொத தடவை.

அப்புறம் சொன்னார் பாருங்க: "ஐ வான்ட் யூ டு டேக் ஓவர் ஆன் மண்டே."

ஓவரா? எங்க ஷிஃப்ட் முடிஞ்சா ஓவர், சாப்பாட்டு நேரம் முடிஞ்சா ஓவர், ஓவர்னா தீந்துச்சு. திங்கக்கிழமையோட என் கணக்கும் தீந்துச்சுன்னு சொல்றார் மனுஷன்! சாரி கேட்ட வாய் ஈரம்கூடக் காயல.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாவிக்கொத்தயும் பேர் அட்டையயும் கழட்டி மேசையில வச்சேன். கத்தினேன், அத்தனையும் தமிழ்லதான். "திங்கக்கிழம என்னா சார், இப்பவே ஓவர்! நல்லதுக்குக் காலமில்ல! உங்க இருபது ரூமையும் நீங்களே கூட்டிப் பெருக்குங்க! கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்ட எனக்கு இதுதான் மரியாதையா?"

கிரேக் திருதிருன்னு முழிக்கிறார். ஷாஹிரா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

"அக்கா... டேக் ஓவர்னா பொறுப்பேத்துக்கிறது. சூப்பர்வைசர் நீங்கதான்!"

நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன்.

"ஷி செட் வாட்?"னு கிரேக் கேட்டார்.

"தேங்க் யூன்னாங்க சார்"னா ஷாஹிரா.

"அவ்வளவு நேரமா?"ன்னார்.

சந்தோஷம்னா சந்தோஷம், அப்படியொரு சந்தோஷம். கண்ணத் தொடச்சேன், பவுடரெல்லாம் கையோட வந்துச்சு. சாவிக்கொத்த எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

"ஓகே சார், ஐ டேக்"னேன்.

ஓவர மட்டும் சொல்லல.