ராடைத் துடைக்காதீங்க

என் வீட்டுக்காரர் ரவிகுமாருக்குத் துடைக்கிற வியாதி. அவங்கப்பா கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துல ஆளுங்களை ஏத்தி இறக்குற வைண்டிங் இன்ஜின் ஓட்டினவரு. ஷிப்ட் முடிஞ்சா இரும்பையெல்லாம் பனியன் வேஸ்ட் துணியால பளபளன்னு துடைச்சிட்டுதான் அடுத்த ஆளுகிட்ட ஒப்படைக்கணும். மைன்ஸ் மூடியே எத்தினி வருஷம் ஆச்சு! இவரு தினம் சாயங்காலம் என் தையல் மிஷினைத் துடைச்சிகினு உக்காந்திருப்பாரு. அந்த எண்ணெய்த் துணி பட்டு ஜாக்கெட் துணியெல்லாம் அழுக்காவுதுன்னு நான் கத்துவேன்.

இப்போ அவரு லடாக்ல, ஒரு மலை மேல, டெலஸ்கோப் கூரையைத் திறந்து மூடுற வேலையில இருக்காரு. அந்தக் குளிர்ல கிரீஸ் கல்லாட்டம் இறுகிப்போவுமாம். அதுக்குன்னு, கூரையை நகத்துற இரும்பு ராடு உள்ளே வழுக்கி ஓடுறதுக்கு, கிரீஸே வேண்டாத ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷை நான் வேலை செய்யற பெங்களூரு கம்பெனியில செஞ்சாங்க. என் மூலமாதான் இவரு அங்க போனாரு. புஷ் ஒரு சீசன் தேயாம ஓடினா இறங்கி வரலாம், தேஞ்சா புதுசு மாட்டி மறுபடியும் முதல்லேருந்து. ரெண்டு தபா தேஞ்சிபோச்சி. பொங்கலுக்கும் வரலை, மாரியம்மன் திருவிழாவுக்கும் வரலை. எனக்கு என் புருஷன் வேணும், அவ்ளோதான்.

போன வாரம் மூணாவது புஷ்ஷும் தேஞ்சி, ராடோட பார்சல்ல வந்துச்சி. நான்தான் பிரிச்சேன். இன்ஜினியர் மேகனா தலையைப் பிடிச்சிகினாங்க. ஓட ஓட புஷ்லேருந்து மெல்லிசா ஒரு படலம் ராடு மேல ஒட்டிக்கணுமாம், அதுதான் அதுக்கு எண்ணெயாம். இங்க அதே குளிருக்காக திரவ நைட்ரஜன்ல முக்கி ஓட்டினா நல்லா ஒட்டுது, அங்க ஏன் ஒட்டலைன்னு கேட்டாங்க.

ராடு கண்ணாடி மாதிரி மின்னுச்சி. புஷ் ஓரத்துல வெள்ளையா ஒரு பனியன் நூலு. அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சி எனக்கு. படலத்தைத் தினம் துடைச்சி எடுக்கிறது யாருன்னு மேகனாகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டு, முதல்ல போன் பண்ணுங்கன்னாங்க.

பண்ணேன்.

"ராடைத் துடைக்காதீங்க."

அதாலதான் புஷ் தேயுதுன்னு சொன்னேன். ஏன் துடைச்சீங்கன்னு கேட்டேன்.

"சாயங்காலம் ஆச்சின்னா கை சும்மா இருக்கமாட்டேங்குது வேணி. இங்க தொடறதுக்கு வேற இன்னா இருக்குது?"

நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன்.

"தையல் மிஷின் துரு ஏறிக் கெடக்குது"ன்னேன். "வந்து அதைத் துடைங்க. நான் கத்தமாட்டேன்."