பின்சுவர் வரை பதினான்கு நாள்

'இதோ டாட் காம்' இணையக் கடை தொடங்கியபோது கிடங்கின் பின்சுவர் என் மேசையிலிருந்து ஒன்பதடி தள்ளி இருந்தது. இருபதாம் வருடத்தில் அங்கே போய்ச் சேரப் பதினான்கு நாள் ஆயிற்று.

கட்டடம் மாறவில்லை. சிங்காநல்லூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. நிறுவனர் நஞ்சப்பன் சார் முதலில் பிடித்த அறை அதுதான், கடைசிவரை இருந்ததும் அதுதான். வெளியிலிருந்து அளந்தால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அங்குலம் கூடாது. சரக்கு கூடக்கூட உள்ளே பின்சுவர் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

முதல் வருடம் புத்தகங்கள் மட்டும் விற்றோம். ஊழியர்கள் இரண்டு பேர். நான் வாசலருகே மேசையில் பொட்டலம் கட்டுவேன். வசுமதி பின்சுவரையொட்டி முக்காலியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கை நீட்டிக் கொடுப்பாள். இரண்டாம் வருடம் குக்கரும் மிக்ஸியும் வந்தன. அவள் எழுந்து நடந்து வந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். தீபாவளி விற்பனை முடியட்டும் என்றாள். தீபாவளிக்குப் புடவைகள் வந்தன. அதன் பிறகு அவள் உருவம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. செருப்புகள் வந்த வருடம் குரலும் நின்றது. கைபேசிகள் வந்தபோது சுவர் இரண்டு நாள் தூரத்தில் இருந்தது. முக்காலி சுவரையொட்டி இருந்ததால் சுவரோடு அதுவும் போனது. முக்காலியோடு அவளும்.

சரக்கு எடுத்து வருவதற்கு நானூறு பேரைச் சேர்த்தோம். பாயும் தலையணையுமாக உள்ளே போவார்கள். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே கிளம்பிவிடுவதால், கேட்ட இரண்டாம் நாள் பொருள் வீட்டுக்குப் போய்விடும். பத்திரிகைகள் இதைப் பாராட்டி எழுதின.

எங்களுக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. போய்ச் சேரவே பதினான்கு நாள் என்பதால் அவளும் வர முடியவில்லை, நானும் போக முடியவில்லை. ஆனாலும் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். படிவம் ஆள் மாறி ஆள் மாறி உள்ளே போய், அவள் கையெழுத்தோடு திரும்பி வரும். நோட்டீஸ் மூன்று மாதம் செல்லும். அதற்குள் இரண்டு பேரும் பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும். ஆறு நோட்டீஸ்கள் காலாவதியாயின. ஏழாவது முடிய முப்பத்திரண்டு நாள் இருந்தபோது பதிவாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதுதான் கடைசிங்க" என்றார். "எங்க ரிஜிஸ்டர்ல ஒரு ஜோடிக்கு ஏழு கோடுதான் போட்டிருக்காங்க. எட்டாவதா எழுத எடமில்லை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் நான் சாந்தாமணி அக்காவின் சமையலறைக்குப் போவேன். எங்கள் பின்சுவரின் மறுபக்கம் அவர் வீடு. தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று நிமிடம். கிடங்குக்குள் அந்தத் தூரத்தில் கைபேசி எடுக்காது. அக்காவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் வசுமதி பேசுவது தெளிவாகக் கேட்கும்.

"வசு, இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுதா?"

"கறிக்கொழம்பு வாசம் வருதுங்களே. ஞாயித்துக்கிழமைதான்" என்றாள் சுவருக்குள்ளிருந்து.

சாந்தாமணி அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "ஏனுங் தம்பி, இத்தன வருசமா என்ற செவுத்தக் கொஞ்சிட்டிருக்கீங்க. அதுக்கே உங்க மேல ஆசை வந்திருக்கும் போங்க."

"அக்கா, அந்தக் குக்கரக் கொஞ்சம் நிறுத்துங்கக்கா. அவர் பேசறது கேக்க மாட்டேங்குது" என்றாள் வசுமதி.

"நிறுத்துனா என்ற வீட்டுக்காரருக்கு நீயா வந்து சோறாக்குவே? வர்றதுன்னா வா. அவரப் பதினாலு நாள் பட்டினி கெடக்கச் சொல்றேன்."

பதிவாளர் சொன்னதை வசுமதியிடம் சொன்னேன்.

சுவரில் ஒரு வழி வைக்கலாமா என்று நஞ்சப்பன் சாரிடம் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். கம்பெனிக்கு எல்லையென்று இருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான், அதில் ஓட்டை போட்டால் எதுவரை போகுமென்று சொல்ல முடியாது என்றார். அது சரிதான்.

"ஏனுங்க, மொத வருசம் நான் ஸ்டாக் எடுத்தது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள் வசுமதி.

இருந்தது. அறையில் உள்ள எல்லாவற்றுக்கும் எண் போடச் சொன்னார்கள் என்று அவள் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டாள். புத்தகங்கள், காலண்டர், மின்விசிறி. மின்விசிறியை மறு வருடமே தூத்துக்குடிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். அதிலிருந்து நாங்கள் அட்டையால் விசிறிக்கொள்கிறோம்.

"செவுத்துக்கும் ஒட்டுனேன். நாப்பத்தேழு. இன்னும் கிழியாம இருக்குது."

அன்று மாலையே நாற்பத்தேழாம் எண் பொருளை என் பெயருக்கு ஆர்டர் செய்தேன். 'இருப்பில் உள்ளது: ஒன்று' என்று திரை காட்டியது.

நஞ்சப்பன் சார் ஆர்டர் சீட்டைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏப்பா அருணகிரி, செவுத்தையே கேட்டிருக்கற?"

"ஆமாங்க சார். ரத்து பண்ணிரலாமுங்களா?"

அவர் வெகுநேரம் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "இருக்கற சரக்க இல்லைன்னு நாம சொன்னதே இல்ல" என்றார். "அனுப்பு."

சீட்டு உள்ளே போகப் பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் காலையில் திரையைப் பார்த்தேன். நடைப்பயிற்சி இயந்திரங்களுக்குக் கீழே 'இருப்பில் இல்லை' என்று வந்திருந்தது. அவற்றைத்தான் நாங்கள் கடைசியாக விற்கத் தொடங்கியிருந்தோம். வசுமதி கிளம்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் கட்டில்கள் போயின. அதற்கடுத்துக் குளிர்பதனப் பெட்டிகள். சரக்கு எடுப்பவர்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். ஊர் ஊராகப் புகார்கள் வந்தன. நஞ்சப்பன் சார் ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் எழுதினார். இரண்டு நாள் கழித்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் போனபோது நான் சவரம் செய்துகொண்டேன். அது சீக்கிரம் என்று பிறகு தெரிந்தது. கைபேசிகள் போக இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

செருப்புகள் தீர்ந்த அன்று அவள் குரல் கேட்டது. "தள்ளுங்க, தள்ளுங்க" என்று யாரையோ சொல்லிக்கொண்டிருந்தாள். புடவைகள் தீர்ந்ததும் அவள் தெரிந்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. பொட்டலம் கட்டும் பட்டையால் சுவரைக் கட்டித் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தெட்டாம் நாள் மாலை குக்கரும் மிக்ஸியும் போய்ப் புத்தகங்கள் மட்டும் மிஞ்சியபோது, சுவரை என் மேசையிலிருந்து ஒன்பதடி தள்ளி நிறுத்திவிட்டு, என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எளைச்சுட்டீங்க" என்றாள்.

நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

நஞ்சப்பன் சார் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, செவுரு வந்துருச்சு, சரி. நடுவுல இருந்த அத்தன தூரத்தையும் எங்கம்மா விட்ட?"

"விடலைங்க சார். சுருட்டிக் கையோட எடுத்துட்டு வந்துட்டேன். உள்ள எடமில்லைன்னு வாசல்ல வெச்சிருக்கனுங்க."

"நல்லதும்மா" என்றார். புத்தகங்களில் தூசி தட்டத் தொடங்கினார்.

நோட்டீஸ் முடிய மூன்று நாள் இருந்தது. பதிவாளர் அலுவலகம் எங்கள் தெருமுனையில்தான். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். சாட்சிக்கு நஞ்சப்பன் சாரும், நீண்ட நடைக்குப் பழகிய சரக்கு எடுப்பவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வசுமதி மூன்று நாளுக்குப் புளிச்சோறு கட்டியிருந்தாள். முதல் நாள் மதியம் வாசற்படியைக் கடந்தோம். இரண்டாம் நாள் முழுவதும் சாக்கடைப் பாலத்தின் மேல் நடந்தோம். அவள் ஒரு கையில் செருப்பையும் மறு கையில் என் சட்டை முனையையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் எதிரே ஒரு தபால்காரர் வந்தார். நாங்கள் போகும் வேகத்தில் ஐந்து மணிக்குள் எட்ட முடியாது என்றார். ஆனால் பதிவாளரும் முந்தாநாளே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

நாலரை மணிக்கு ஒரு மின்கம்பத்தருகே அவரைச் சந்தித்தோம். மேசையைத் தலையிலும் ரிஜிஸ்டரைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு வந்தார். ஏழாவது கோட்டில் கையெழுத்திட்டோம். அவர் முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதினார். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இனி அலுவலகம் இங்கேதான் என்று மேசையைக் கம்பத்தோடு சேர்த்துப் போட்டார். அடுத்த ஜோடி வந்து சேர நான்கு நாள் ஆகும் என்று சொல்லிக் கொஞ்சம் புளிச்சோறு கேட்டார். வசுமதி பொட்டலத்தைப் பிரித்தாள்.