சங்கிலியைப் பிடித்த ஜெனரல்

முப்பது வருடமாகச் செச்சென் மலைக்காட்டை வெட்டி வெட்டியே பதவி உயர்ந்தவர் ரஷ்ய ஜெனரல் வெலீஷின். மரத்தைச் சாய், பாதையைப் போடு, ஊரைக் கொளுத்து. அவருக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். ஊருக்கொரு பதக்கம் வாங்கி, மனுஷனுக்கு நெஞ்சில் இடமே மிச்சமில்லை.

அன்று காலையிலும் ஓர் ஊரைக் கொளுத்தினார். ஆண், பெண், பிள்ளை என்று பார்க்காமல் சிப்பாய்கள் குத்திச் சாய்த்தார்கள். தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடிப்போனார்கள்.

"வந்த வழியே திரும்ப வேணாங்கய்யா" என்றான் அவருடைய கொசாக் குதிரைப்படைத் தலைவன் குஸ்மா. "வர்றப்ப விட்டுருவானுங்க. திரும்புறப்பதான் கிழிப்பானுங்க."

"இவ்ளோ பெரிய மீசை வெச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" என்று சிரித்தார் வெலீஷின்.

வந்த வழியே காட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், மரத்துக்கு மரம் துப்பாக்கி வெடித்தது. குஸ்மாவின் தொண்டை பிய்ந்தது. பீரங்கிக் குதிரைகள் குடல் சரிந்து உருண்டன. ஜெனரலின் தொடையில் குண்டு பாய்ந்தது. அவரைப் போட்டுவிட்டுச் சிப்பாய்கள் ஓடியே போனார்கள், பாவிகள்.

மலைக்காரர்களின் வழக்கம் அவருக்கு அத்துப்படி. ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலே பானை மாட்டத் தொங்கும் சங்கிலியைப் பிடித்துவிட்டால் போதும். பெற்ற பிள்ளையைக் கொன்றவனே ஆனாலும் அவன் விருந்தாளி. வீட்டுக்காரன் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவான். தவழ்ந்து தவழ்ந்து எரிந்த ஊருக்கே திரும்பினார். பாதிக் கூரை நின்ற ஒரு வீட்டுக்குள் புகுந்து, இரண்டு கையாலும் சங்கிலியைப் பற்றினார். சங்கிலி கொதித்தது. உள்ளங்கை பொசுங்கியும் அவர் விடவில்லை.

கேசிரா என்ற பெண் கோடரியோடு வந்து நின்றாள். பின்னாலேயே இரண்டு ஆண்கள், உருவிய கத்தியோடு.

"நான் விருந்தாளி!" என்று அவர்கள் பாஷையிலேயே கத்தினார். "சங்கிலியப் புடிச்சிருக்கேன், பாரும்மா! உங்க வழக்கம்தானே!"

ஆண்களின் கை தயங்கித் தாழ்ந்தது. அப்பாடா என்று அவருக்கு மூச்சு வந்தது.

"வழக்கம்தான். யாரு இல்லேன்னா?" என்றாள் கேசிரா. "ஆனா இது என் வீடு இல்லியே. என் வீடு அதோ, சாம்பலாக் கெடக்கு."

"அப்போ வீட்டுக்காரங்களக் கூப்பிடு!"

"கூப்பிடுறேன்." அவள் முற்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். அங்கே வீட்டுக்காரன் தாஷோவும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ரத்தத்தில் கிடந்தார்கள். "அண்ணே! தாஷோண்ணே!" என்று கூப்பிட்டாள். "உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு. வெச்சுக்கிறீங்களா? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே!"

நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். வெலீஷினும் காத்திருந்தார். ஒரே ஒரு செச்சென்காரன் உயிரோடு எழுந்து வரட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் கர்த்தரிடம் மன்றாடினார்.

முற்றத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கேசிரா கோடரியை ஓங்கினாள்.