நாலாவது பேக்

...அப்படியானால் தினேஸ்வரனும் ஒரு பேக்கா, புட்பாலில் பின்வரிசையில் நின்று தடுக்கிற ஆளா அவன், முடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிக்கொண்டு இரண்டே சீசன் ஆடிவிட்டு சிங்கப்பூருக்கு ஓடினவன், தலையால் முட்டினால் முடி கலைந்துவிடும் என்று பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கினவன், அவனுக்கு ஜெர்சியாம், மேளமாம், ஞாயிற்றுக்கிழமை திடல் நடுவில் மாலையாம்... குணாளனுக்கு வயிறு எரிந்தது. தேயிலை வெட்டும் மெஷினின் கைப்பிடி உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, நிரைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பெண்சாதியின் அண்ணன் சின்னக்கருப்பன், இருவருக்கும் நடுவில் கத்தி கொழுந்தைச் சீவிக்கொண்டு போக, இலை நிரம்பும் பையைப் பிடித்தபடி செல்லம் பின்னால் வந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போதே டீம் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்தக் குரல் பதிவுகளைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாயிற்று. இனி மத்தியானம் வரைக்கும், இவ்வளவு பெரிய இரைச்சலுக்குள்ளும், ரிங்லெட் டவுன் கடைக்காரன் புவனேஸின் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரட்டுத் திடல் டீமுக்கு இது நாற்பதாவது வருஷம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற திடலிலேயே சாயங்காலம் பந்து உதைத்து வளர்ந்த டீம், கோல் போட ஒருத்தனும் சரியாக அமைந்ததில்லை, அதனால்தானோ என்னவோ இந்த மலையில் இருக்கிற ரசிகர்களுக்கு பேக் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விழாவில் மரியாதை செய்ய, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாலே நாலு பேக்கைப் பொறுக்க வேண்டும், முதுகில் பெயர் போட்ட ஜெர்சி, மத்தியானத்துக்குள் குரூப்பில் முடிவு சொல்ல வேண்டுமாம். வேலப்பன் பெயரை எல்லாரும் சொன்னார்கள், சரி, அதை யார் மறுக்கப் போகிறார்கள், ரப்பர் தோட்டத்துக் கித்தா சப்பாத்தோடு அவர் சறுக்கிக்கொண்டு போனால் பந்து, ஆள், கோட்டோரம் நிறுத்தியிருக்கும் ஐஸ்காரன் மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்து சாயும். அகிலனைச் சொன்னார்கள், எதிராளியின் காதோரம் போய் அவன் மாமியாரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தே பந்தைப் பிடுங்குவான், அதுவும் சரி. மூன்றாவது சின்னக்கருப்பன், கோல் கம்பத்தில் மண்டை மோத, கோட்டின் மேலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு நெற்றியில் தையல் போட்டுக்கொண்டவன், அந்தத் தழும்புக்குச் சூடம் காட்டாத குறைதான்... சரி, எல்லாம் சரி, ஆனால் அந்தச் சின்னக்கருப்பனுக்குப் பக்கத்தில் ஒன்பது சீசன் ஒருத்தன் நின்றானே, அவன் என்ன மூலைக்கொடியா? அதற்கும் புவனேஸ் பதில் வைத்திருந்தான். "குணாளனா? ஐயோ, பைனல் மறந்துபோச்சா லா? பஸ்ஸ நிறுத்துற மாதிரி கையத் தூக்கிட்டு நின்னாரே!" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிப் படங்கள்.

பைனல்... அணைத் தண்ணீரோடு லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் சேறு புகுந்ததற்கு முந்தின வருஷம், கம்போங் ராஜா காய்கறித் தோட்டக்காரர்களோடு, கொட்டுகிற மழையில். ஒன்பது சீசன் ஆடினதெல்லாம் இவர்களுக்கு ஒன்றுமில்லை, அந்த ஒரு கைதான் ஞாபகம். கை எதற்குத் தூக்கினது என்று எவனாவது கேட்டானா? மேடு வருகிற இடத்தில் மெஷினைத் தூக்காவிட்டால் கத்தி கொழுந்தை விட்டுக் கட்டைக்குள் இறங்கிவிடும், செடி பாழாகும், அதனால் முன்னால் பார்த்து நடக்கிறவன் "தூக்கு" என்று கத்த வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அந்தச் சொல்லைத் திடலுக்குக் கொண்டுபோனதே குணாளன்தான். அவன் "தூக்கு" என்றால் நாலு பேக்கும் ஒன்றாக முன்னால் ஏறுவார்கள், எதிராளி பின்னால் அநாதையாக நிற்பான், லைன்ஸ்மேன் கொடி ஏறும், ஆப்சைட். எத்தனை டீம் அதில் மாட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது... கொடி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, குரல் யாருக்கு இருக்கிறது? அன்றைக்கும் கத்தினான், ஏறினான், ஆப்சைட் என்று கையைத் தூக்கினான், திரும்பிப் பார்த்தால் மச்சான் ஏறாமல் அங்கேயே நிற்கிறான், கம்போங் ராஜாக்காரன் கோல் போட்டுவிட்டு மழையில் படுத்து உருளுகிறான். 'அவன் கூப்பிட்டான், நான்தான் ஏறவில்லை' என்று இந்த ஒரு வார்த்தையை மச்சான் சொல்லியிருந்தால் போதும். இத்தனை வருஷம், கல்யாணம், சாவு, தீபாவளி, எத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், ஒரு வார்த்தை... பெண்சாதி யோகேஸ்வரியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றால், "விடுங்க, எங்கண்ணன் பசிச்சாலே வாயத் தொறக்காது" என்று சிரிக்கிறாள். இன்றைக்குக் காலையில்கூட வெட்கத்தை விட்டுக் கேட்டான். "குரூப்புல ஒரு வார்த்த போடு மச்சான், நீ சொன்னா கேப்பானுங்க." அதற்கு அந்த மகராசன், "பாக்கலாம் லா மாப்ள" என்றான். என்னத்தைப் பார்ப்பது, தினேஸ்வரன் ஜெர்சி போட்டுக்கொண்டு வருவதையா, அப்போது நான் கோட்டுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டுமா, இல்லை பஸ்ஸை நிறுத்த வேண்டுமா... மேடு வந்தது, தூக்கு என்றான், மெஷின் எழும்பவில்லை, கத்தி கடகடவென்று கட்டைக்குள் இறங்கி இருமிக்கொண்டு நின்றது.

திடீரென்று அவ்வளவு அமைதி. மேல் ரோட்டிலிருந்து கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு அரக்கப்பரக்க இறங்கி வந்தார். மூன்று செடி மொட்டையாக, வெள்ளைக் கட்டை தெரிய நின்றது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? தொரை பாத்தா எவன் பதில் சொல்றது?" என்று குதித்தார். சின்னக்கருப்பன் நெற்றித் தழும்பைச் சொறிந்துகொண்டு, "என் கை எறங்கிருச்சி கங்காணி" என்றான். அவ்வளவுதான், கங்காணி கொஞ்சம் முனகிவிட்டுப் போய்விட்டார். குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு லேசாக வருகிறது வாயில், மூன்று செடிக்குச் சொல்லத் தெரிகிறதே, ஒருத்தன் மானத்துக்குச் சொல்லத் தெரியாதா? "தூக்குன்னு கத்துனேன்ல, ஏன் மச்சான் தூக்கல?" என்றான், அடிக்கப் போகிற மாதிரி. சின்னக்கருப்பன் கத்தியில் சிக்கியிருந்த குச்சியை உருவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"நீ கூப்புடல மாப்ள."

"கூப்புட்டேன்!"

"வாயத் தொறந்த. சத்தம் வரல."

செல்லத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் பையை உதறுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் ஒண்ணும் கேக்கல அண்ணே" என்றாள். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது, வேறென்ன... ஆனால் இதே சத்தத்தில் தினமும் கேட்கிறதே, காலையிலிருந்து எத்தனை மேடு தாண்டியாயிற்று. கத்தினது தொண்டையில் எரியவில்லையா, எரியவேண்டுமே, எச்சிலை விழுங்கிப் பார்த்தான், ஒன்றும் எரியவில்லை. அப்படியானால் தினேஸ்வரனையும் புவனேஸையும் திட்டிக்கொண்டே நடந்ததில், மனசுக்குள் சொன்னதையே வெளியில் சொன்னதாக... சரி, இன்றைக்கு அப்படி. அன்றைக்கு? அன்றைக்குக் கத்தினது இப்போதும் காதில் இருக்கிறதே, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து, வெளியிலிருந்தா, உள்ளேயிருந்தா... வாய்க்குள் மழைத் தண்ணீர் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மச்சான் ஏறவில்லை, ஒத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டு பேக்கும்? அவர்களும் ஏறவில்லையே. மூன்று பேருமா செவிடு? இத்தனை வருஷமாக மச்சான் ஒருத்தனையே முறைத்துக்கொண்டிருந்ததில் அந்த இரண்டு பேரை நினைத்துப் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்காத மச்சான், அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால், குரூப்பில் இன்றைக்குத் திறந்தால், என்ன சொல்லுவான்?

சின்னக்கருப்பன் கயிற்றை இழுத்தான், மெஷின் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் போன் நடுங்கியது, மத்தியானம் நெருங்கிவிட்டது, குரூப்பாகத்தான் இருக்கும், இரண்டு கையும் கைப்பிடியில் இருந்ததால் எடுக்க முடியவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை. அடுத்த மேடு வந்தது. "தூக்கு!" என்று கத்தினான், நாலு நிரை தள்ளிக் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள், தொண்டை கிழிந்தது போல் எரிந்தது, மெஷின் இரண்டு பக்கமும் ஒன்றாக எழும்பி மேட்டைத் தாண்டிச் சீவிக்கொண்டு போனது.

"கேட்டுச்சா மச்சான்?"

"இப்பக் கேட்டுச்சி" என்றான் சின்னக்கருப்பன், செடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இப்ப... அன்றைக்கு என்று கேட்கத்தான் குணாளன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.