வாரேன்

என் வீட்டுக்காரர் கலையரசன் ரிக் வண்டி ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற வண்டி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பினால் அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் திருச்செங்கோடு திரும்புவார். எங்கள் ஊர் மழையைவிட டிவியில் போபால் மழையைத் தேடியதுதான் எனக்கு அதிகம்.

போன மழைக்கு வந்தவரை நான் விடவில்லை.

"போன்லயே குடும்பம் நடத்துனது போதுமுங்க. இங்கயே இருங்க" என்று அழுதேன், சோறு தின்னாமல் கிடந்தேன். மறுபேச்சில்லாமல் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

ஆசைப்பட்டது கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஆள் வீட்டில். பேச்சுதான் இல்லை. ராஜஸ்தானிலிருந்து பேசும்போது ஒட்டகம், மணல், பாறை உடைந்து தண்ணீர் பீறிட்டதும் சனங்கள் போட்ட ஆட்டம் என்று வாய் ஓயாது. இங்கே உப்பு சரியா என்று கேட்டால் ஒரு "ம்". ரோட்டில் ரிக் வண்டி போனால் மட்டும் சோற்றில் கை அப்படியே நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்காக ஏங்குவதைப் போலக் கொடுமை உண்டா? எரிச்சலாக வந்தது, அதைவிட அழுகை வந்தது.

ஒரு நாள் காலை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு "போறேன்" என்றார்.

எங்கள் பக்கம் கடைக்குப் போகிறவர்கூட "வாரேன்" என்றுதான் சொல்வார். சாவு வீட்டில்தான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் கிளம்புவோம். மாதக்கணக்கில் பிரியும்போதெல்லாம் "வாரேன் சரிதா" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னவர், தான் என்ன சொன்னோம் என்றே தெரியாமல் நடந்து போனார்.

அன்றைக்கே பரணிலிருந்து அவருடைய பையை இறக்கித் துடைத்து, சட்டைகளை மடித்து வைத்தேன். வந்தவர் பையைப் பார்த்தார்.

"கோவமா புள்ள?"

"ஆமாங்க, கோவந்தான். போங்க. ஆனா ரிக் எங்க நின்னாலும் பொங்கலுக்கு நீங்க இங்க நிக்கோணும்."

"நீ தனியா..."

"தூரத்துல இருந்தா ஏங்கிக்குவேன், பழக்கந்தான். பக்கத்துல வெச்சுட்டு ஏங்க முடியலீங்க."

கிளம்பிய அன்று பஸ் படியில் நின்று திரும்பினார். "வாரேன் சரிதா."

அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! என்னை விட்டுப் போகும்போதுதான் அது வரவேண்டுமா என்று வயிறு எரிந்தது. "வாங்க" என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் வளைவைத் தாண்டிய பிறகுதான் குரல் வந்தது.

"வாங்க. வெரசா வாங்க."