பாலிஷ் போட்ட டயர்

வெர்லினின் காருக்கு எண்ணூறு குதிரைத்திறன். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் ஊருக்கே தெரியும். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவர் காதில் அதைப் போட்டுவிடுவான். வீட்டில் இருந்தது ஒரே கராஜ். அதில் அந்த மகாராஜா சொகுசாக நின்றது. அவன் மனைவி டார்லாவின் பழைய பிக்கப் வண்டி வெளியே நின்று, ஒக்லஹோமாவின் ஆலங்கட்டி மழையில் வருஷா வருஷம் அடிவாங்கியது.

இந்த வசந்தத்தில் முன்கண்ணாடியும் போனது. டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சனிக்கிழமை ரேஸ் தடத்துக்கு வா. ஜெயிக்கற வண்டிக்குத்தான் கராஜ்."

வெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சனிக்கிழமை, வரிசையில் முன்னால் நின்ற அவன் காரைப் பார்த்து டார்லாவே திகைத்துப்போனாள். பந்தயத்துக்கென்றே வாங்கிய, தரையைக் கவ்வும் டயர்கள். அவற்றுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். பக்கவாட்டில் மட்டுமல்ல, தரையில் படும் பரப்பிலும் முகம் பார்க்கலாம்.

அவன் சிநேகிதன் கிளியோன் தலையில் கைவைத்தான். "டேய், கூறுகெட்டவனே! காத்தப் பாதி எறக்கு. தடத்து முனையில ஊத்தியிருக்கற தண்ணியில நிறுத்திச் சக்கரத்தச் சுத்தவிடு. பாலிஷ் எரியட்டும், ரப்பர் சூடாகட்டும். அப்பதான் புடிக்கும்."

"காத்த எறக்கினா பஞ்சர் ஆன மாதிரி இருக்கும்டா. சுத்தவிட்டா பளபளப்பு போயிடும். போட்டோக்காரன வரச்சொல்லியிருக்கேன்."

"நீ ரேசுக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?"

பச்சை விளக்கு விழுந்தது. வெர்லின் ஓங்கி மிதித்தான். எண்ணூறு குதிரைகளும் சேர்ந்து கனைத்தன. சக்கரம் சுற்றியது, புகை மண்டியது, கார் மட்டும் போகவில்லை. அதற்குள் டார்லா கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாகக் கிளம்பி முன்னால் போயிருந்தாள். அவன் இன்னும் அழுத்தினான். கார் பக்கவாட்டில் வழுக்கி நடுக்கோட்டைத் தாண்டி, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றது. கோட்டைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

டார்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

வெர்லின் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். "எஞ்சின்ல பவர் பத்தல. இன்னும் எரநூறு ஏத்திட்டு வரேன், மறுபடி ஓட்டலாம்."

"ஏத்து, ராசா, ஆயிரமே ஏத்து," என்றாள் டார்லா. "நின்ன எடத்துலயே சுத்தறதுக்குக் கராஜ் எதுக்கு? சாவியக் குடு."